வள்ளிக்கு ஆறு மந்திரம் அதிகம்: டிராகன்ஸ் டாக்மா வீடியோ கேமில் ஒரு நால்வர் குழுவைச் செப்பனிட்ட பதிவு

கழுகுத் தலையும் சிங்க உடலுமான கிரிஃபின் தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. நான் வாளும் கேடயமுமாகக் கீழே அண்ணாந்து நின்றேன். குழுவின் சோர்சரர், அதாவது பெரிய மந்திரங்களால் தாக்குபவள், நீளமான ஒரு மந்திரத்தை ஓத ஆரம்பித்திருந்தாள். ஓதி முடிப்பதற்குள் கிரிஃபின் வேறு பக்கம் பறந்துவிட, மந்திரம் முழுக்க வெறும் புல்தரையில் இறங்கியது. ஸ்டிரைடரின் அம்புகளில் பாதிதான் போய்ச் சேர்ந்தன. என் மேஜ், அதாவது குணப்படுத்தும் மந்திரக்காரி, வள்ளி எனக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று எல்லோருடைய ஆயுதத்திலும் பனியை ஏற்றிவிட்டாள். அந்த நேரத்தில் வேண்டியிருந்தது தீ.

அதை வரவழைக்க ஒரு கோப்ளின் பிணத்தை இரையாக வைத்திருந்தோம். வந்தது, கொத்தியது, கொஞ்சம் அடி வாங்கியது, அப்புறம் புளூமூன் கோபுரத்தைப் பார்த்துப் பறந்துபோனது. பையில் இருந்த மூலிகை எல்லாம் தீர்ந்திருந்தது. துரத்திக்கொண்டு கோபுரத்துக்குப் போவதுதான் அடுத்த வேலை. போகவில்லை. இந்தக் குழுவை வைத்துக்கொண்டு அங்கே போவதில் அர்த்தம் இல்லை என்று பட்டது. நொடியில் ஊர் கொண்டுசேர்க்கும் எடர்னல் ஃபெர்ரிஸ்டோன் கல்லைப் பயன்படுத்தி கிரான் சோரன் நகரத்துக்குத் திரும்பினேன். அன்று தொடங்கி ஏறக்குறைய 5 வாரம், தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று, குழுவைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்ததன் பதிவு இது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. டிராகன்ஸ் டாக்மா காப்காம் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக வாழ்ந்து வளர்க்கும் வகை கேம்). ஹிதேயாகி இட்சுனோ இயக்கியது. பிட்டர்பிளாக் தீவைச் சேர்த்து விரிவாக்கிய டார்க் அரைசன் பதிப்பு 2013-இல் வந்தது. நான் விளையாடுவது 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த பதிப்பு. கஸார்டிஸ் என்ற மீனவக் கிராமத்தில் டிராகன் வந்து நம் இதயத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்படி இதயத்தை இழந்தும் உயிரோடு இருப்பவர் ‘அரைசன்’. அரைசனுக்குத் துணையாக வருபவர்கள் ‘பான்’கள், பார்க்க மனிதர்கள் மாதிரியே இருப்பார்கள். அவர்களில் ஒருவரை நாமே முகம், உயரம், எடை எல்லாம் வைத்து உருவாக்குகிறோம். மீதி இருவரும் வேறு ஆட்டக்காரர்கள் உருவாக்கிய பான்கள். பான்கள் வந்துபோகும் ரிஃப்ட் என்ற வெளிக்கு வாசலான ரிஃப்ட் கல்லைத் தொட்டு அவர்களைத் தேடி வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆக நாலு பேர். அதில் நம் விரல் அசைப்பது ஒருவரை மட்டும். மற்ற மூவரும் தாங்களாகவே யோசித்துச் சண்டை போடுவார்கள். குழு அமைப்பதன் சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

என் முதல் குழு காகிதத்தில் குறையே இல்லாதது. நான் ஃபைட்டர், முன்னால் நின்று அடி வாங்க. வள்ளி மேஜ், குணப்படுத்த. ஒரு ஸ்டிரைடர், வில்லுக்கும் கத்திக்கும். ஒரு சோர்சரர், பெரிய மந்திரத்துக்கு. எந்த ஆர்பிஜி வழிகாட்டியும் சொல்கிற டேங்க், ஹீலர், அடிக்கிறவர் இருவர் என்ற கணக்கு. இந்தக் கணக்கு ஏன் உடைந்தது என்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் அக்கா மகன். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

“மாமா, அந்த மந்திரம் போடுற அக்கா ஏன் உங்க பின்னாடியே வந்துட்டு இருக்காங்க? நீங்க அடிக்கப் போனா அவங்களும் வர்றாங்க, அடி வாங்குறாங்க, மந்திரம் பாதியிலயே நின்னுடுது.”

“அவ மேஜ்டா, என்னைக் காப்பாத்தத்தான் பக்கத்துல நிக்கறா.”

“நின்னு? ஒரு மந்திரமும் முடிக்கலையே.”

சண்டையை நிறுத்தி வள்ளியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். குணம் என்ற இடத்தில் கார்டியன் என்று இருந்தது.

இந்தக் குணம் என்பதை நான் அதுவரை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பானுக்கு ஒன்பது குணங்கள் உண்டு, அவற்றில் முதல் இரண்டுதான் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. ஸ்கேதர் பெரிய எதிரியை நோக்கிப் பாய்வார். மிட்டிகேட்டர் இளைத்ததை முதலில் ஒழிப்பார். சேலஞ்சர் தூரத்திலிருந்து அம்போ மந்திரமோ விடுகிற எதிரியைக் குறிவைப்பார். யூட்டிலிடேரியன் எதிரியின் பலவீனம் பார்த்து ஆயுதத்துக்கு மந்திரம் ஏற்றுவார். மெடிகன்ட் காயத்தைக் கவனிப்பார். நெக்சஸ் சக பான்களுக்கு உதவுவார். பயனியர் முன்னே ஓடுவார். அக்விசிட்டர் வழியில் கிடப்பதை எல்லாம் பொறுக்குவார். கார்டியன் அரைசனை விட்டு நகர மாட்டார்.

வள்ளியை அப்படி ஆக்கியது நான்தான். பான்களுக்குச் சொல்ல மூன்று கட்டளைகள் உண்டு: போ, வா, உதவி. பதற்றம் வந்தால் ‘வா’வையும் ‘உதவி’யையும் மாறி மாறி அழுத்துவது எனக்குப் பழக்கம். அழுத்த அழுத்த அது பானின் குணத்திலும் படிகிறது. எந்நேரமும் பக்கத்தில் கூப்பிடப்பட்டவள் பக்கத்திலேயே இருக்கக் கற்றுக்கொண்டாள். ஃபைட்டரின் பக்கத்தில் என்றால் எங்கே? எதிரியின் கைக்கு எட்டும் இடத்தில். ஓதும்போது ஒரு அடி விழுந்தால் மந்திரம் கலைந்துவிடும்.

சரிசெய்ய இரண்டு வழி. விடுதியில் இருக்கும் அறிவு நாற்காலியில் உட்கார்ந்து பானோடு பேசலாம். அவள் கேட்பதற்கு நாம் சொல்லும் பதில்படி குணம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இல்லையென்றால் ரிஃப்ட் படிகம் (ஆட்டத்தில் ஒரு வகைக் காசு) கொடுத்து அந்தந்தக் குணத்துக்கான மருந்தை வாங்கிக் குடிக்க வைக்கலாம். நான் இரண்டையும் செய்தேன். முதல் குணம் யூட்டிலிடேரியன், இரண்டாவது மெடிகன்ட். இந்த வரிசை முக்கியம். மெடிகன்ட் முதலில் இருந்தால், யாருக்கோ சிராய்ப்பு என்றாலும் மற்ற வேலையை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடுவாள் என்பது இரண்டு நாள் மாற்றி வைத்துப் பார்த்ததில் தெரிந்தது. அப்புறம் என் கட்டைவிரலுக்கும் ஒரு மருந்து தேவைப்பட்டது: கட்டளைப் பொத்தானைத் தொடுவதில்லை என்று ஒரு வாரம் விரதம் இருந்தேன். மருந்து கொடுத்துவிட்டு பழையபடி ‘வா வா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவாள்.

குணம் திருந்தியும் பனிப் பிரச்சினை தீரவில்லை. அடுத்து மந்திரப் பட்டியலுக்கு வந்தேன்.

மேஜுக்கு ஒரே நேரத்தில் ஆறு மந்திரம் வரை வைத்துக்கொள்ளலாம். இடம் இருக்கிறதே என்று ஆறையும் நிரப்பியிருந்தேன்: ஆயுதத்தில் தீ ஏற்ற ஒன்று, பனிக்கு ஒன்று, மின்னலுக்கு ஒன்று, காயத்துக்கு ஆனோடைன், விஷம், சாபம் போன்றவற்றை நீக்க ஹாலிடம், அதோடு எதிரியை நேராகத் தாக்க ஒன்று. மனிதன் விளையாடினால் ஆறும் வரம். பான் விளையாடும்போது ஆறு என்பது ஆறு சந்தேகம். அந்த எதிரியைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தால் சரியானதை எடுப்பாள். தெரியாத எதிரி என்றால் கைக்கு வந்ததை எடுப்பாள். பானின் அறிவு அவள் பார்த்த சண்டைகளிலிருந்து வருகிறது, எதிரிக்கு எதிரி தனித்தனியாக நட்சத்திரம் ஏறும். கிரிஃபினை வள்ளி அதற்கு முன் பார்த்ததே இல்லை. பனியை ஏற்றியதில் அவள் தப்பு ஏதும் இல்லை. மூன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது நான்.

பனியை நீக்கினேன். மின்னலையும் நீக்கினேன். தாக்குதல் மந்திரத்தை எடுக்கத்தான் மனசு வரவில்லை. கடைசியில் அதையும் எடுத்தேன். மிச்சம் இருந்தவை தீ, ஆனோடைன், ஹாலிடம். மூன்று இடம் காலி. கிரான் சோரனுக்கு வெளியே கோப்ளின் கூட்டத்தில் சோதித்தபோது வித்தியாசம் கண்ணெதிரே தெரிந்தது. சண்டை தொடங்கிய உடனே என் வாள் எரிந்தது. தீ அணையப் போகும் நேரத்தில் அவளே மறுபடி ஏற்றினாள். நடுவில் காயம் என்றால் ஆனோடைன். வேறெதுவும் இல்லாததால் யோசிக்க நேரமே எடுக்கவில்லை. பின்னால் நடமாடும் பிணங்களும் எலும்புக்கூடுகளும் நிறைந்த இடங்களுக்குப் போனபோது ஆயுதத்தில் புனித ஒளி ஏற்றும் ஹோலி அஃபினிட்டியை நாலாவதாகச் சேர்த்தேன். அதற்கு மேல் இன்றுவரை போகவில்லை. இடத்துக்குப் புறப்படும் முன் விடுதியில் ஒரு முறை பட்டியலை மாற்றிக்கொள்வது, ஆறையும் சுமந்துகொண்டு போவதைவிட நூறு மடங்கு மேல்.

பெர்பெச்சுவேஷன் என்ற ஆக்மென்ட்டையும் (மாட்டிக்கொள்ளும் கூடுதல் திறன்) அவளுக்கு மாட்டினேன். ஆயுதத்தில் ஏறிய மந்திரம் கூடுதல் நேரம் நிற்கும். குழுவில் நாலு ஆயுதம் இருக்கும்போது இதன் பலனும் நாலு மடங்கு.

ஆனோடைன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைத் தெரிந்துகொள்ளாமல் பலர் மேஜ் மேல் பழி போடுகிறார்கள். இந்த ஆட்டத்தில் அடி வாங்கினால் உயிர்ப்பட்டையில் ஒரு பகுதி மந்திரத்தால் மீளக்கூடியதாக இருக்கும், இன்னொரு பகுதி மந்திரத்துக்குக் கட்டுப்படாது. அந்த இரண்டாவது பகுதிக்கு மூலிகை தின்ன வேண்டும், இல்லையென்றால் படுத்து எழ வேண்டும். எவ்வளவு நல்ல ஹீலர் இருந்தாலும் நீண்ட பயணத்தில் பட்டை சுருங்கிக்கொண்டேதான் வரும். ஆகவே குழுவின் பாதுகாப்பு அடியைத் தவிர்ப்பதில் இருக்கிறது. அதுதான் என்னை அடுத்த மாற்றத்துக்குக் கொண்டுபோனது.

யார் அடி வாங்குவது?

அதுவரை நான். யோசித்துப் பார்த்தால் அது மோசமான ஏற்பாடு. அரைசன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பான் விழுந்தால் பக்கத்தில் போய்த் தொட்டு எழுப்பிவிடலாம். நேரத்துக்கு எழுப்பவில்லை என்றால் ரிஃப்டுக்குத் திரும்பிப் போவார், மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். இழக்கக்கூடாத ஆளை முன்னால் நிறுத்தி, எழுப்பக்கூடிய மூவரை அவன் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. பான் அலுக்காமல் செய்யும் வேலை எது, பானுக்குக் கைவராத வேலை எது என்று ஒரு வாரம் பார்த்து நோட்டில் எழுதினேன். கேடயத்தைத் தட்டி எதிரிகளைத் தன் பக்கம் இழுப்பது, தீ அணைந்தால் மறுபடி ஏற்றுவது, விழுந்தவரை நோக்கி ஓடுவது: இவற்றில் பான் என்னைவிடச் சிறந்தவர், கவனம் சிதறாது. ஆனால் கைமேராவின் வாலில் இருக்கும் பாம்பை முதலில் வெட்டுவதா, முதுகில் இருக்கும் ஆட்டுத்தலை ஓதத் தொடங்குகிறதா, ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸின் கண்ணுக்கு ஏற எந்தக் கையைப் பிடிப்பது, எப்போது விட்டுவிட்டுக் குதிப்பது, இதெல்லாம் நொடிக்கு நொடி முடிவு செய்ய வேண்டியவை. அது மனித வேலை. தொழில் பெயரை வைத்துப் பிரிக்காமல் இப்படிப் பிரித்தால் என்ன?

விடுதிக்காரர் அசலாமிடம் போய்த் தொழிலை மாற்றிக்கொண்டேன். ஃபைட்டர் கேடயத்தை வைத்துவிட்டு ஸ்டிரைடர் ஆனேன். ஏறுவதற்கும் தொங்குவதற்கும் ஸ்டாமினாதான் காசு. தொங்கும்போது அது குறைவாகச் செலவாக ஆர்ம்-ஸ்ட்ரெங்த் ஆக்மென்ட் உதவும். அது இந்தத் தொழிலில்தான் கிடைக்கிறது, வாங்கிவிட்டால் பிறகு எந்தத் தொழிலுக்குப் போனாலும் மாட்டிக்கொள்ளலாம். பழைய வாடகை ஸ்டிரைடரையும் சோர்சரரையும் ஆளுக்கொரு பரிசு கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அப்புறம் ரிஃப்ட் கல். இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன், அதிகம் கற்றுக்கொண்டதும் இங்கேதான். வாடகைப் பானின் ஸ்கில், உடை, குணம் எதையும் நாம் மாற்ற முடியாது. எடுக்கும்போது எப்படியோ அப்படியேதான். அதனால் எடுப்பதற்கு முன் பானின் விவர அட்டையைப் படிக்க வேண்டும். முதலில் நான் லெவலையும் கவசத்தின் பளபளப்பையும் பார்த்து எடுத்தேன். இப்போது குணத்தை முதலில் பார்க்கிறேன். கார்டியன் முதலிடத்தில் இருந்தால் மேலே படிப்பதில்லை. அக்விசிட்டர் முதலிடம் என்றாலும் தயக்கம்தான், சண்டை நடக்கும்போது புல் பறிக்கும் ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்தது ஸ்கில். ஃபைட்டர் என்றால் கேடயம் தட்டி எதிரியை இழுக்கும் ஸ்கில்லும், கேடயத்தின் மேல் நம்மை ஏற்றித் தூக்கி எறியும் ஸ்பிரிங்போர்ட் வகை ஸ்கில்லும் இருக்க வேண்டும். மூன்றாவது, எதிரிகளைப் பற்றிய அறிவு. கவசமும் லெவலும் கடைசியில்.

நம் லெவலுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கும் பான்களுக்குப் படிகம் கொடுக்க வேண்டியதில்லை, மேலே இருப்பவர்களுக்குத்தான் விலை. ஆனால் நாமும் நம் சொந்தப் பானும் லெவல் ஏறிக்கொண்டே போக, வாடகைப் பான்கள் எடுத்த லெவலிலேயே நிற்பார்கள். பிடித்துப்போன ஒரு ஃபைட்டரை நான் 11 லெவல் ஏறும்வரை விடாமல் வைத்திருந்தேன். அவர் விழுந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் என் பாசம்தான். இப்போது 5 லெவலுக்கு ஒரு முறை இருவரையும் மாற்றிவிடுகிறேன்.

வள்ளியும் இதே மாதிரி வேறு யாருடனோ போய் வருகிறாள். விடுதியில் தூங்கி எழுந்தால், இரவில் யார் அவளை எடுத்தார்கள், என்ன கற்றுக்கொண்டாள், என்ன படிகம் கொண்டுவந்தாள் என்று வரும். ஒரு நாள் காலை நான் இன்னும் பார்க்காத ஒரு எதிரியைப் பற்றிய அறிவோடு வந்து நின்றாள். எனக்கு அது மிகவும் பிடித்த தருணம். அவளை நன்றாக அமைத்து வைப்பது முகம் தெரியாத ஒருவருக்கும் பயன்படுகிறது. மூன்று மந்திரத்தோடு அனுப்பத் தொடங்கிய பிறகு அவளை எடுப்பவர்களும் கூடினார்கள்.

சரி, புளூமூன் கோபுரம். கிரிஃபின் இன்னும் அங்கேதான் காத்திருந்தது.

குழு: நான் ஸ்டிரைடர், வள்ளி மேஜ், வாடகை ஃபைட்டர், நீள வில் ஏந்திய வாடகை ரேஞ்சர். சிதிலமான படிகளில் ஏறி உச்சிக்குப் போனதும் கிரிஃபின் வந்தது. ஃபைட்டர் கேடயத்தைத் தட்டினார். வள்ளி பின்னால் ஒதுங்கி நின்று ஓத, என் கத்தியும் ரேஞ்சரின் அம்பும் எரியத் தொடங்கின. கிரிஃபின் தாழப் பறந்து வந்தபோது ஃபைட்டர் குனிந்து கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்தார். ஓடிப்போய் அதன் மேல் கால் வைத்தேன். அவர் எழுந்து உந்திய வேகத்தில் நேராக அதன் வயிற்றுப் பக்கம் போய் ரோமத்தைப் பிடித்துக்கொண்டேன். இறக்கைப் பக்கம் நகர்ந்து எரியும் கத்தியால் குத்தக் குத்த, இறக்கை தீப்பிடித்தது. பறக்க முடியாமல் அப்படியே கல்தளத்தில் சரிந்து விழுந்தது. நான் அதற்குள் குதித்துவிட்டேன். விழுந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து தலையில் அடித்தோம். எழுந்தது, மறுபடி பறந்தது, மறுபடி எரிந்து விழுந்தது. மூன்றாவது முறை எழவில்லை. மூலிகை மூன்று செலவாயிற்று. கட்டளைப் பொத்தானை ஒரு முறைகூடத் தொடவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இந்த ஆட்டம் ஒரே குழுவை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கடக்க விடுவதில்லை.

அடுத்த பாடம் விட்ச்வுட் காட்டின் கல் பூதமான கோலெம். ஆசையாக இரண்டு சோர்சரர்களை எடுத்துப் போயிருந்தேன். இருவரும் ஒரே மந்திரத்தைச் சேர்ந்து ஓதினால் சீக்கிரம் முடியும், அதைப் பார்க்க வேண்டும் என்று. ஓநாய்கள் வரை அருமையாக இருந்தது. கோலெமுக்கு மந்திரம் ஏறவே ஏறாது. உடம்பில் பதிந்திருக்கும் பதக்கங்களை ஆயுதத்தால் உடைத்தால்தான் உண்டு. இரண்டு சோர்சரர்களும் ஓதினார்கள், பொழிந்தார்கள், கல் அசையவில்லை. வள்ளியின் தீயும் அங்கே உதவாது. நான் ஒருத்தன் ஏறி, பதக்கம் பதக்கமாக உடைத்து இறங்கினேன், முக்கால் மணி நேரம். பேய் வகை எதிரிகளுக்கு இதற்கு நேர் எதிர்: வெறும் இரும்பு அவற்றைத் தொடாது, மந்திரமோ மந்திரம் ஏற்றிய ஆயுதமோ வேண்டும். நாலு பேரில் இரும்பால் ஓங்கி அடிக்கக்கூடியவர் ஒருவர், மந்திரத்தால் அடிக்கக்கூடியவர் ஒருவர், இரண்டும் எந்நேரமும் இருந்தாக வேண்டும். அன்றிலிருந்து நாலாவது இடத்தைச் சுழலும் இடமாக வைத்துவிட்டேன். வள்ளியும் ஃபைட்டரும் நிரந்தரம். நாலாவது ஆள் போகிற இடத்தைப் பொறுத்து: திறந்தவெளியில் ரேஞ்சர், குகையில் பெரிய வாள் ஏந்தும் வாரியர், கூட்டமாக வரும் இடங்களில் சோர்சரர். சோர்சரரிலும் நீண்ட நேரம் ஓத வேண்டிய பொலைடு மாதிரி மந்திரத்தை மட்டுமே சுமப்பவரைத் தவிர்த்து, சீக்கிரம் முடியும் லெவின் போன்றவையும் வைத்திருப்பவரைத் தேடுகிறேன்.

பிட்டர்பிளாக் தீவுக்குப் போன பிறகுதான் அடியின் கணக்கு எனக்குப் புரிந்தது. இரவில் கஸார்டிஸ் துறைக்குப் போனால் ஓல்ரா என்ற பெண் நிற்பாள், அவள்தான் அங்கே கூட்டிப்போவாள். அதுவரை நன்றாக வெட்டிய என் கத்தி அங்கே கீறல்கூடப் போடவில்லை. கத்தி மழுங்கவில்லை, கணக்கு அப்படி. நம் தாக்குதல் அளவிலிருந்து எதிரியின் காப்பு அளவு கழிக்கப்படுகிறது. உதாரணத்துக்கு எதிரியின் காப்பு 400 என்று வைப்போம். என் கத்தி வீச்சு ஒவ்வொன்றும் 380 என்றால் பத்து வீச்சு வீசினாலும் ஏறக்குறைய ஒன்றும் சேராது. வாரியரின் பெரிய வாள் ஒரே அடியில் 900 என்றால் 500 உள்ளே போய்விடும். சின்னச் சின்னதாக வேகமாக அடிப்பவர்களை மட்டும் வைத்துச் செய்த குழு, காப்பு கூடிய எதிரி முன்னால் மொத்தமாகச் செயலிழக்கும். அங்கே ஒரு வாரியர் கட்டாயம். அவருக்கு மூன்றே ஸ்கில்தான், மெதுவாகத்தான் அடிப்பார். அடிக்க நேரம் வாங்கிக் கொடுப்பது ஃபைட்டரின் கேடயம். நானும் அங்கே அசாசின் தொழிலுக்கு மாறினேன். பான்களுக்குக் கிடைக்காத மூன்று கலப்புத் தொழில்களில் அது ஒன்று, மற்றவை மிஸ்டிக் நைட், மேஜிக் ஆர்ச்சர்.

சுமை பற்றிச் சுருக்கமாக. பாரம் ஏற ஏற நடை தளரும், ஸ்டாமினா திரும்புவது தாமதமாகும். பொறுக்கியதை எல்லாம் வள்ளியிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் ஒதுங்கிப் போகவே சிரமப்பட்டாள். இப்போது பாரம் ஃபைட்டரிடம். மேஜிடம் அவளுக்கு வேண்டிய மூலிகை தவிர எதுவும் இல்லை. பான் உருவாக்கும்போதே உடம்பு எடை சுமக்கும் திறனைப் பாதிக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நேற்று ராத்திரி பிட்டர்பிளாக்கில் இன்னும் ஒரு தளம் கீழே இறங்கினோம். அக்கா மகனும் பக்கத்தில் இருந்தான். ஒரு சண்டை முடிந்து பிணங்கள் கிடந்தன. அந்தத் தீவில் பிண வாடை பெரிய ஜந்துக்களைக் கூப்பிடும். நாங்கள் நகர்வதற்குள் தரையில் மூட்டம் பரவி, அதிலிருந்து கையில் விளக்கும் அரிவாளுமாக டெத் எழுந்து வந்தது. அதன் அரிவாள் ஒரே வீச்சில் உயிரைப் பறித்துவிடும், குணப்படுத்த ஒன்றும் மிஞ்சாது. ஃபைட்டர் வழக்கம்போலக் கேடயத்தைத் தட்டத் தொடங்கினார். வாரியர் வாளை ஓங்கிவிட்டார். வள்ளி பின்னால் நின்று ஓதிக்கொண்டிருந்தாள்.

“மாமா, கூப்பிடுங்க!” என்றான்.

வாரக்கணக்கில் தொடாத பொத்தான். ‘வா’வை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுக் கதவை நோக்கி ஓடினேன். ஃபைட்டர் பாதித் தட்டலில் திரும்பினார். வாரியர் ஓங்கிய வாளை இறக்கிவிட்டு வந்தார். வள்ளி ஓதி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள், என் கத்தி ஹோலி வெளிச்சத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது. அவள் எங்களிடம் வந்து சேர, கதவைத் திறந்தேன். நாலு பேரும் உள்ளே.